வலசைப் பறவைகளும் ஐந்து சமிதிகளும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டிப் பரமத்தி வேலூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்தில் நான் பேச வேண்டிய பொருளைப் பெரியோர்கள் தெளிவாகவே வரையறுத்துத் தந்திருக்கிறார்கள். சென்ற மார்கழியில் நம் இளைஞர் அணியினர் நீர்ப்பறவைகளைப் படம்பிடிப்பதற்காக அதிகாலைப் பயணம் ஒன்றை மேற்கொண்டார்கள். உடன் சென்றவர்களுள் நானும் ஒருவன். அப்படங்கள் இம்மண்டபத்தின் நுழைவாயிலில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இப்பயணத்தை ஆண்டுதோறும் அறக்கட்டளையின் சார்பிலேயே நடத்த வேண்டும் என்பது இளைஞர்களின் விண்ணப்பம். அறங்காவலர்களுள் மூத்தவர் இருவர் அதற்குத் தடை எழுப்பினர். உயிர்கள் தங்கும் இடத்துக்குப் படையெடுத்துச் சென்று அவற்றின் அமைதியைக் குலைப்பது நம் நெறிக்குப் பொருந்துமா என்பது அவர்கள் கேள்வி. அச்செலவில் கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கி வானில் விடுவித்தால் ஜீவகாருண்யமாவது நிறைவேறுமே என்பது அவர்கள் ஆலோசனை.

இருதரப்பிலும் நன்னோக்கம் உண்டு. பெரியவர்களின் கேள்வி மிகச் சரியானது என்பதும், அவர்களின் ஆலோசனை மறு ஆய்வுக்கு உரியது என்பதும் என் கருத்து. அக்கருத்துக்கு நான் எவ்வாறு வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நாம் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்ப்போம். இவ்வூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் வேலாயுதம்பாளையம். அங்குள்ள ஆறுநாட்டார் மலையை, உச்சியில் அமர்ந்திருக்கும் முருகன் கோயிலை வைத்துப் புகழிமலை என்று இன்று பலரும் அறிவர். அம்மலையின் பாறைத் தாழ்வாரங்களில் கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் இருப்பதை நம்மவர்களிலேயே பலர் சென்று பார்த்ததில்லை. சேர மன்னன் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையினரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்ற காலத்தில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவி தங்குவதற்காக அவ்வுறைவிடம் செதுக்கப்பட்டது என்பது அக்கல்வெட்டு தரும் செய்தி. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி அது.

அரச குலத்தார் அத்துறவிக்கு அளித்தது பொன்னன்று. அவர் அதை ஏற்கவும் மாட்டார். ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நடந்து செல்பவர் சிறிது காலம் இடையூறின்றித் தங்கிப் போவதற்கு ஓர் இடம். அவ்வளவே. இந்த ஆற்றங்கரையில் எழுத்தில் பதிவான மிகப் பழைய அறங்களுள் அதுவும் ஒன்று. இல்லறத்தார் ஏற்கும் பன்னிரண்டு விரதங்களில் நிறைவாக எண்ணப்படும் அதிதி சம்விபாகமும் இதையே கூறுகிறது. நாள் குறிக்காமல் வருபவர் அதிதி. தமக்கென வைத்திருப்பதில் அவருக்குப் பங்கு கொடுப்பது சம்விபாகம். அவ்விரதம் குறிப்பது அறவோரைத்தான். அதைப் பறவைக்கும் விரித்துப் பொருள்கொள்வது என் துணிபு. அது பொருந்துமா என்பதைக் கேட்டு முடித்தபின் நீங்களே முடிவு செய்யலாம்.

இனி, நம்மிடம் வரும் அந்த அதிதிகள் யார் என்று பார்ப்போம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் ஏரிகளை நிரப்புகிறது. அதே காலத்தில் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலைகள் உறையத் தொடங்குகின்றன. நீர் உறைந்தால் வாத்தினங்களுக்கு உணவில்லை. ஆகவே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை வரும் வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர். 30 நாடுகளைத் தழுவிச் செல்லும் பெருவழி அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையங்களை மாட்டிவிட்டனர். பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் பின்னர் சைபீரியாவில் கிடைத்தன. பழங்கதைபோல் தோன்றிய ஒன்று அவ்வாறு உறுதியாயிற்று.

நம் சேலம், நாமக்கல் சமவெளியின் ஏரிகளுக்கு ஏற்ற குளிர்கால விருந்தாளிகளுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். நீலச்சிறகி அரைக் கிலோ எடைகூட இல்லாத சிறு வாத்து. நீர்ப்பரப்பின் மேலேயே மேயும். தட்டைவாயனின் அலகு கரண்டிபோல் முனையில் அகன்றிருக்கும். அதன் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. நீரை உள்வாங்கி வெளியேற்றும்போது நுண்ணுயிரிகளும் விதைகளும் அவ்வடுக்குகளில் தங்கிவிடும். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். தலையை நீருக்குள் செலுத்தி, வால் வானைப் பார்க்க நிமிர்ந்து நின்று, மற்ற இரண்டுக்கும் எட்டாத ஆழத்திலுள்ள கிழங்கையும் விதையையும் தேடும். ஒரே ஏரியில் மூன்று இனங்கள். மூன்றுக்கும் மேயும் இடம் வேறு. ஆனால் மூன்றுக்கும் வேண்டியது ஆழமற்ற நீர். இதை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

கூந்தன்குளத்துக்கும் திருப்பூரிலுள்ள நஞ்சராயன் குளத்துக்கும் பட்டைத்தலை வாத்து வருகிறது. மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டுநில ஏரிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைக் கடந்து வரும் பறவை அது. உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தது பதிவாயிற்று. அவ்வுயரத்தில் மனிதர் மூச்சுவிடத் தவிப்பர். அப்பறவையின் குருதியோ மெலிந்த காற்றிலிருந்தும் உயிர்வளியை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் உலகளாவிய ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு 2022இலேயே அப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. இவ்விரண்டும் நமக்குத் தொலைவான இடங்கள் அல்ல.

நம் மரபுக்கும் வலசைப் பறவைக்கும் உள்ள உறவொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதரின் இலாஞ்சனம் திகம்பர மரபில் சக்கரவாகம். சுவேதாம்பர மரபில் கிரௌஞ்சம். சக்கரவாகம் என்பது செம்பொன் நிறமுடைய பெரிய வாத்து. லடாக், திபெத் பகுதிகளின் ஏரிக்கரைகளில் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் இந்தியச் சமவெளிகளுக்கு இறங்கும் வலசைப் பறவை. ஒரு தீர்த்தங்கரரின் பீடத்தில் பொறிக்கத் தகுந்தது என்று நம் முன்னோர் கருதிய உயிர்களுள் அதுவும் ஒன்று.

இப்போது அந்த மார்கழிக் காலைக்கு வருகிறேன். விடியுமுன் நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். காவிரிக் கரையில் ஜேடர்பாளையம் வரை சென்றாலே நீர்க்காகங்களையும் நத்தைகுத்தி நாரைகளையும் புள்ளிமூக்கு வாத்துகளையும் காணலாம். அல்லாள இளைய நாயக்கர் காலத்து ராஜா வாய்க்கால் பாயும் வாழைத் தோட்டங்களிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வேறுவகைப் பறவைகள் ஏராளம். ஆனால் வலசை வாத்துகளுக்காக நாங்கள் ஒரு மானாவாரி ஏரியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, விளக்கின்றி நடந்து, கரையின் உட்சரிவில் வேலமரங்களுக்குக் கீழே அமர்ந்தோம். பனி நீரின்மேல் படிந்திருந்தது. முதலில் வந்தது ஒலிதான். தலைக்கு மேலே விரைந்த சிறகடிப்பு. பின்னர் நீரில் வழுக்கி இறங்கும் ஓசை. ஒன்று, பத்து, ஐம்பது எனக் கூட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. இளைஞர்கள் கருவிகளை உயர்த்தினார்கள். அப்போது கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

“ஏனுங்க தம்பி, படம் எடுக்கவா வந்தீங்க? எடுங்க, வேண்டாங்கல. ஆனா எழுப்பிப்போடாதீங்க. ராத்திரி பூராவும் வயல்ல மேஞ்சுட்டு இப்பத்தானுங்க படுக்க வருதுங்க” என்றார்.

அவர் சொன்னது பறவை நூலோர் கூறும் உண்மை. குளிர்காலத்தில் இவ்வாத்துகள் பெரும்பாலும் இரவில் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் மேய்ந்துவிட்டுப் பகலில் பரந்த நீர்ப்பரப்பில் ஓய்வெடுக்கும். நமக்கு விடியல், அவற்றுக்கு இரவு உறக்கத்தின் தொடக்கம். நாம் அழகிய காலை என்று கருதிச் செல்லும் வேளை, அவற்றின் படுக்கையறை வாயிலில் நாம் நிற்கும் வேளை.

ஏறத்தாழ ஏழு மணிக்கு வேறொரு குழுவினர் மறுகரைக்கு வந்தனர். அவர்கள் எவ்வூரார் என்று எங்களுக்குத் தெரியாது. பறவைகள் நீரில் அமர்ந்திருப்பது அவர்களுக்குப் போதவில்லை. வானை நிறைத்துப் பறக்கும் காட்சி வேண்டும் என்பதற்காக ஒருவர் நீருக்குள் கல்லெறிந்தார், மற்றவர்கள் கைதட்டினர். ஏரி முழுவதும் எழுந்தது. பார்ப்பதற்கு அது கண்கொள்ளாக் காட்சிதான். பறவைகள் மூன்று முறை வட்டமிட்டன. சில திரும்ப இறங்கின. பெரும்பகுதி வடகிழக்கே சென்று மறைந்தது. நாங்கள் அங்கிருந்த ஒன்பது மணி வரை அவை மீளவில்லை.

எவரும் அடிபடவில்லை, ஓர் இறகும் உதிரவில்லை. அப்படியென்றால் இதில் இம்சை எங்கே என்று ஒருவர் கேட்கலாம். வலசைப் பறவைக்குக் குளிர்காலம் என்பது திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை உடலில் சேர்க்கும் காலம். அக்கொழுப்பே அதன் வழிச்செலவுப் பணம். ஒவ்வொரு முறை திடுக்கிட்டு எழும்போதும் அதில் ஒரு பங்கு கரைகிறது. வாரந்தோறும், விடுமுறைதோறும் இவ்வாறு எழுப்பப்பட்டால் அப்பறவை இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஏரியைக் கைவிடும், அல்லது குறைந்த சேமிப்போடு பங்குனியில் புறப்படும். அரைக் கிலோ உடம்பில் மிச்சம் பிடிக்க இடம் ஏது? வழியில் எங்கோ அது தளர்ந்து வீழ்ந்தால் அந்த மரணத்தைக் கல்லெறிந்தவர் காணப்போவதில்லை. காணாத இம்சையும் இம்சையே என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்காக நீரை வடிகட்டிக் குடிக்கும் மரபினர் நாம்.

முன்னொரு காலத்தில் நீர்ப்பறவையைத் தேடி விடியலில் சென்றவர்கள் துப்பாக்கியோடு சென்றனர். 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டனர். அக்கணக்கைப் பொறித்த கல் இன்னும் அங்கே நிற்கிறது. அதே இடம் இன்று கேவலாதேவ் தேசியப் பூங்கா. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். துப்பாக்கி போய்க் கேமரா வந்தது பெரிய அறமுன்னேற்றம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் நம் மொழியைக் கவனியுங்கள். படம் பிடித்தேன் என்கிறோம். படம் எடுத்தேன் என்கிறோம். பிடித்தல், எடுத்தல் இரண்டும் கொள்வோனின் சொற்கள். கொடாததைக் கொள்ளாமை நம் அடிப்படை விரதங்களுள் ஒன்று. அப்படியானால் பறவையிடமிருந்து படத்தை எவ்வாறு கொள்வது?

இதற்கு விடை நம் முனிவர்களின் கையிலேயே இருக்கிறது. திகம்பர முனிவர் ஏந்தும் பிச்சியை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மயிற்பீலியால் ஆனது. மயில் ஆண்டுதோறும் மழைக்காலம் கழியும்போது தோகையைத் தானே உதிர்க்கிறது. அவ்வாறு உதிர்ந்த பீலியே பிச்சிக்கு உரியது. பறித்த பீலி ஆகாது. பொருள் ஒன்றுதான். பெற்ற முறையால் ஒன்று அறத்தின் கருவியாகிறது, மற்றொன்று பாவமாகிறது. நல்ல படமும் உதிர்ந்த பீலியைப் போன்றதாக இருக்க வேண்டும். பறவை தன் போக்கில் இருந்தபோது தானாகக் காட்டியதாக இருக்க வேண்டும். அச்சுறுத்திப் பறித்ததாக இருக்கக்கூடாது.

இதை நடைமுறையில் எவ்வாறு கடைப்பிடிப்பது? புதிய விதிகளை நாம் வகுக்க வேண்டியதில்லை. முனிவர்களுக்கு ஐந்து சமிதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சமிதி என்றால் கவனத்தோடு செயல்படுதல். கேமராவைத் தோளில் மாட்டும் இல்லறத்தாருக்கும் அவை அப்படியே பொருந்துவதை எண்ணி நான் வியந்ததுண்டு.

முதலாவது இரியா சமிதி, நடையில் கவனம். ஏரிக்கரையில் காலடி பார்த்து நடக்க வேண்டும். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. கோடைக்காலத்தில் சரளைக் கற்களுக்கிடையே வெறுந்தரையில் முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம். படத்தில் கண்பதித்துப் பின்வாங்கும் கால் எதன்மேல் படும் என்பதை யார் பார்ப்பது? பறவையை நோக்கி நேராக நடப்பதும் தகாது. பறவைகள் தலை நிமிர்த்தி, மேய்ச்சலை நிறுத்தினால் அதுவே எல்லை. அதற்கு மேல் ஓரடியும் வைக்கக்கூடாது. முன்கூட்டியே சென்று அசையாமல் அமர்ந்திருந்தால் அவையே அருகில் வரும்.

இரண்டாவது பாஷா சமிதி, சொல்லில் கவனம். ஏரிக்கரையில் பேச்சைத் தணிப்பது இதன் எளிய பகுதி. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை வரவழைப்பது பொய்ச்சொல்லால் அழைப்பதற்குச் சமம். அதைத் தவிர்க்க வேண்டும். கடினமான பகுதி ஒன்றுண்டு. படத்தை உலகுக்குக் காட்டும்போது இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஆசை. ஒரு பெயர் பகிரப்பட்டால் அடுத்த ஞாயிறு அங்கே முப்பது வண்டிகள் நிற்கும். அவ்வேரியின் பெயரை நான் இங்கே சொல்லாததன் காரணம் இதுவே. உண்மையானாலும் உயிர்க்குத் தீங்கு விளைக்கும் சொல்லைச் சொல்லாமல் விடுவது வாய்மைக்கு முரணன்று என்பதே நம் நூல்களின் நிலை.

மூன்றாவது ஏஷணா சமிதி. உணவு கொள்வதில் கவனம். முனிவர் தமக்கெனச் சமைத்ததை ஏற்பதில்லை. இருப்பதில் சிறிது ஏற்று, கொடுப்பவருக்குச் சுமையாகாமல் நகர்வார். படம்பிடிப்பவரும் தமக்கெனக் காட்சியைச் சமைக்கலாகாது. மீனையும் பொரியையும் இறைத்துப் பறவையை இழுப்பது, மறைக்கும் கிளையை ஒடிப்பது, கூட்டின்மேல் படர்ந்த இலையை விலக்குவது எல்லாம் இதில் அடங்கும். விலக்கிய இலை வழியே நம் கண் மட்டும் செல்வதில்லை. வெயிலும் காக்கையும் செல்லும்.

நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி; பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். முக்காலியை ஊன்றுமுன் தரையைப் பார்ப்பது. எறும்புப் புற்றின்மேல் பையை வைக்காதிருப்பது. இதில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். வானில் பறக்கும் டிரோன் கருவியை நீர்ப்பறவைகளின்மேல் செலுத்தலாகாது. பறவையின் கண்ணுக்கு அது வேட்டையாடும் கழுகு.

ஐந்தாவது உத்சர்க சமிதி, கழிப்பதில் கவனம். தேநீர்க் கோப்பை, பிஸ்கட் உறை, தீர்ந்த மின்கலம் எதுவும் கரையில் தங்கக்கூடாது. அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பைக் கண்டால் அதைச் சுருட்டி எடுத்துவருவது தனிப் புண்ணியம். நீர்ப்பறவையின் காலை அது இறுக்கிவிட்டால் அறுத்துவிட அதற்குக் கைகளில்லை.

இவ்வைந்துடன் அபரிக்கிரகத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு காலையில் மூவாயிரம் படங்களைக் குவித்துக்கொண்டு திரும்புவது மிகைப்பற்றே. நம் இளைஞர்களுள் ஒரு தங்கை அன்று எடுத்த படம் வாயிலின் இடப்புற மூலையில் இருக்கிறது. வாத்துக் கூட்டம் அலகை முதுகிறகில் செருகி உறங்குகிறது. விளிம்பில் ஒரு பறவையின் கண் மட்டும் திறந்திருக்கிறது. மங்கலான படம் என்று பலர் அதைக் கடந்து சென்றிருக்கலாம். கூட்டத்தின் விளிம்பில் உறங்கும் வாத்து மூளையின் ஒரு பாதியை விழிக்கவைத்து, வெளிப்புறக் கண்ணைத் திறந்து காவல் இருப்பதை அறிவியலார் ஆராய்ந்து கண்டுள்ளனர். அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது நம்மைத்தான். அந்தத் தங்கை அதன்பின் கருவியைத் தாழ்த்திவிட்டாள். அன்றைய பயணத்தில் நான் கண்ட சிறந்த செயல் அது.

இனிப் பெரியவர்களின் ஆலோசனைக்கு வருகிறேன். பணிவோடு சொல்கிறேன்; பொறுத்தருள வேண்டும். கூண்டுப் பறவையை வாங்கி விடுவிப்பது நம் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். அதன் வேர் கருணை. ஆனால் அப்பறவை கூண்டுக்கு எவ்வாறு வந்தது? நாம் வாங்குவோம் என்று தெரிந்தே ஒருவர் வலைவிரித்துப் பிடித்து வந்தார். வலையிலும் கூடையிலும் நெரிபட்டு இறந்தவை நம் கண்முன் வருவதில்லை. நாம் பத்துச் சில்லைகளை விடுவித்துக் கொடுத்த பணம் அடுத்த பத்தைப் பிடிப்பதற்கான கூலியாகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1990–91இல் இந்தியப் பறவைகளின் வணிகத்துக்கு விதிக்கப்பட்ட முழுத்தடையும் இத்தகைய விற்பனையைக் குற்றமாக்கிவிட்டன. சட்டத்தை விடுங்கள், நம் நெறி என்ன சொல்கிறது? வினை மூன்று வழிகளில் நம்மை வந்து சேரும்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். விலை கொடுப்பது எந்த வழியில் சேரும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

கருணைக்கு வேறு வழி இல்லாமலில்லை. டில்லி செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகள் மருத்துவமனை நடைபெற்று வருகிறது. அடிபட்ட பறவைக்கு அங்கே இலவச சிகிச்சை. ராஜஸ்தானில் கீச்சன் என்னும் சிற்றூரில், மங்கோலியா முதலிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும் கர்க்கரா நாரைகளுக்கு ஜைனக் குடும்பங்கள் முன்னின்று பல பத்தாண்டுகளாகத் தானியம் இட்டுவருகின்றன. அதற்கெனச் சுற்றுச்சுவர் எழுப்பிய தீனிக்களம் உண்டு. நான் மேலே கடிந்த இரையிடலும் இதுவும் ஒன்றல்ல. இது படத்துக்காக ஒருநாள் இறைத்தது அன்று. ஊரே பொறுப்பேற்ற நீண்ட கால விருந்தோம்பல். 2025இல் கீச்சனும் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தமிழகத்திலும் சான்றுகள் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிப் பகுதியினர் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு எத்துணைப் பெரிய துறவு அது! அங்கெல்லாம் மக்கள் பறவைக்குத் தந்தது செங்காயபருக்குச் சேரர் தந்ததைப் போன்ற ஒன்றே: இடையூறற்ற இடம்.

நம் அறக்கட்டளை என்ன செய்யலாம்? நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: குளிர்காலப் பயணம் தொடரட்டும், ஒரு பயணத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து சமிதிகளையும் படித்து உறுதி ஏற்றவர்களே செல்லட்டும். கேமரா இல்லாத குழந்தைகளுக்கு ஓர் இருகண்நோக்கி போதும். அவர்கள் எண்ணிக் குறிக்கும் பறவைக் கணக்கு படத்தைவிடப் பயனுள்ளதாக அமையும்.

இரண்டு: கண்காட்சியில் திடுக்கிட்டெழுந்த பறவைகளின் படமோ, கூட்டிலுள்ள குஞ்சின் படமோ இடம்பெற வேண்டாம். எதைப் பாராட்டுகிறோமோ அதையே இளைஞர்கள் அடுத்த ஆண்டு தேடுவார்கள்.

மூன்று: பறவைகளை விலைக்கு வாங்கி விடுவிக்கும் வழக்கத்தை நிறுத்தி, அத்தொகையை அடிபட்ட பறவைகளின் சிகிச்சைக்கும் நீர்நிலைகளுக்கும் ஒதுக்குவோம். விற்பவரைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிப்போம்.

நான்கு: ஏரி, குளங்களைத் தூர்வார நம் அறக்கட்டளை நன்கொடை வழங்கப்போவதாக அறிகிறேன், பாராட்டத்தக்க பணி. முன்னே மனத்தில் வைத்திருக்கச் சொன்ன செய்தி இங்கே வருகிறது. நீலச்சிறகிக்கும் தட்டைவாயனுக்கும் ஊசிவால் வாத்துக்கும் ஆழமற்ற நீர் வேண்டும். இயந்திரத்தை விட்டுக் கரையோரம் வரை ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால் ஏரி பெரிய தொட்டியாகிவிடும்; நீர் நிற்கும், பறவை நிற்காது. மையத்தில் ஆழப்படுத்தலாம். ஒரு பக்கத்தையாவது மெல்லச் சரியும் சேற்றுத் தரையாக விட்டுவைக்க வேண்டும். கோரையையும் நாணலையும் அடியோடு அழிக்கக்கூடாது. நன்கொடைக் கடிதத்திலேயே இந்த நிபந்தனையை எழுதிவிடலாம். உழவருக்கும் நீர் கிடைக்கும். அதிதிக்கும் பங்கு இருக்கும். சம்விபாகம் என்பதன் பொருள் அதுதானே.

இக்கேள்வியை எழுப்பிய மூத்தோர் இருவருக்கும் இளைஞர்கள் நன்றி சொல்ல வேண்டும். பறவையின் அமைதியைக் குலைக்கலாமா என்று அவர்கள் கேட்டிராவிட்டால் நாம் அழகிய படங்களை மட்டும் பாராட்டிக் கலைந்திருப்போம். இளைஞர்களுக்குப் பெரியவர்களும் நன்றி சொல்லலாம். அவர்கள் அந்த ஏரிக்குச் சென்றிராவிட்டால், காக்க வேண்டிய ஒன்று இவ்வளவு அருகில் இருப்பதே நமக்குத் தெரிந்திராது. காணாததன்மேல் கருணை பிறப்பது அரிது. கண்டபின் தொல்லை தராமல் விலகுவது அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே பயில ஓர் ஏரிக்கரை நல்ல பள்ளி.

மகாவீரரின் பிறந்தநாள் வரும் இந்நாட்களில் வாத்துகள் வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கின்றன. வரும் ஐப்பசியில் மழை பெய்தால் மீண்டும் வரும். அதற்குள் நமக்கு ஆறு மாத அவகாசம் இருக்கிறது. தூர்வாரும் இயந்திரம் ஏரிக்குள் இறங்குவதும் அந்த ஆறு மாதத்தில்தான். ஆகவே நான்காவது வேண்டுகோளை அடுத்த அறங்காவலர் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெய் ஜினேந்திர.